ஒருவர் எடைக்கு

நோர்ட்டைக் துறைமுகம்
12 ஏப்ரல் 2000

அன்புத் தம்பி ஐலெர்ட்டுக்கு,

அக்கா ஹில்கே எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம். உன் தொண்டைப் புண் ஆறி வருகிறதா, இரவில் மூச்சுக்குச் சிரமப்படாமல் தூங்குகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கப்பல் டிக்கெட் ஜன்னலில் வேலைக்கு உட்கார்ந்தபடியே பிரித்துப் படித்தேன். தீவுக்குப் போகிற கூட்டம் வெளியே வரிசையில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டியை உன் கூட்டாளி ஹப்போவிடம் வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறதே! இருபது வருஷம் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவித் துடைத்த வண்டி. கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைக்கூட நீ அப்படிக் கவனிக்கவில்லை, அவள் போய்விட்டாள். வண்டி மட்டும்தான் உன்னோடு நின்றது. அதை விற்கமாட்டேன்.

போன வாரம் நர்ஸ் ரோஸ்வித்தா போனை உன் காதில் வைத்தார். நான் பேசினேன், நீ மூச்சு விட்டாய். அவ்வளவுதான் நடந்தது. உன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், 'என்னக்கா' என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிட்டு அழுதேன். இனிமேல் போன் வேண்டாம், எழுதிக்கொள்வோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஐம்பத்திரண்டு ஒரு வயதா? உன் நம்பர் பலகையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று பொறித்திருக்கிறது, அந்த மாதங்களில் மட்டும்தான் வண்டி சாலையில் ஓடலாம். அக்டோபர் முடிவதற்குள் லைசென்ஸ் எடுத்து, உன் வண்டியிலேயே உன் மலைக்கு வந்து, உன்னைப் பின்னால் உட்கார வைத்து அந்த அணைக்கட்டு வரை ஒரு சுற்றுக் கூட்டிப் போவேன். வருஷா வருஷம் நீ வண்டியில் போய்வந்த பாதை இப்போது உன் ஜன்னலுக்குக் கீழேயே ஓடுகிறது என்றும், வண்டிச் சத்தம் கேட்டால் நீ போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறாய் என்றும் ரோஸ்வித்தா சொன்னார். போர்வையை விலக்கி வை. நான் வருகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே டீயில் கற்கண்டு போடாவிட்டால் கேட்டு வாங்கு.

உன் அக்கா
ஹில்கே


மலைச் சிகிச்சை இல்லம், ஹார்ட்ஸ்
20 ஏப்ரல் 2000

என் அருமை அக்காவுக்கு,

தம்பி ஐலெர்ட் நலம். காய்ச்சல் விட்டுவிட்டது, பசிக்கிறது, புண் ஆறுகிறது என்கிறார்கள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பூனைக்கும் என் விசாரிப்பு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். எனக்கு இப்போது சிரிப்பு வாய் வழியாக வருவதில்லை, கழுத்துத் துளை வழியாக வெறும் காற்றாக வருகிறது. ரோஸ்வித்தா பதறி ஓடிவந்து, "என்னாச்சு, மூச்சு முட்டுதா?" என்றாள். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'எங்க அக்கா மோட்டார் சைக்கிள் ஓட்டப் போறா.' அவள், "இதுக்கா இந்த ஆட்டம்? நான் பாதி உசுரா வந்தேன்" என்று தலையணையால் அடித்தாள்.

அக்கா, நீ சைக்கிளிலேயே மதகுக் கதவில் போய் மோதியவள். ஆனாலும் நீ சொன்னால் செய்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். ஹப்போவிடமே கற்றுக்கொள். வண்டி ஓட்டப் பழக்கும் பள்ளியை நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் பொறுமைசாலி.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். குளிர்காலத்துக்காகப் பெட்ரோல் குழாயை மூடி வைத்திருக்கிறேன். அதைத் திறக்காமல் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, வண்டி செத்துவிட்டது என்று ஊரைக் கூட்டாதே. எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் டயரைக் கையால் தடவிப் பார். காற்றைக் குளிர்ந்த டயரில் அள. எஞ்சின் ஆயிலை வண்டியை நிமிர்த்தி வைத்துப் பார், சாய்த்து வைத்தால் அது பொய் சொல்லும். செயினை நடுவில் தூக்கினால் இரண்டு விரற்கடை ஆட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் அறுந்துபோகும், தொளதொளவென்று விட்டால் கழன்றுபோகும். மழையில் போய்வந்தால் செயினுக்கு எண்ணெய் தெளி. எங்கே கிறீச்சிடுகிறதோ அங்கே எண்ணெய் கேட்கிறது என்று வைத்துக்கொள்.

கழுத்தில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அந்தக் குரலில் உன்னிடம் பேசமாட்டேன்.

போர்வையை விலக்கிவிட்டேன்.

தம்பி
ஐலெர்ட்


நோர்ட்டைக்
28 மே 2000

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன், ஆனால் உடம்பில் வலிக்காத இடம் இல்லை. நீயும் ஹப்போவும் இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளை எப்படி வதைத்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஹப்போ பின்னால் காரில் வருகிறான். என் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அவன் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? அவன் பாட்டுக்குப் பேசுகிறான்: "ஹில்கே, முன்சக்கரத்தயே என்ன பாக்குற? அது எங்கயும் ஓடிப்போகாது. போற எடத்தப் பாரு." நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டு போனேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பசு நின்றது. அதைப் பார்த்தேன். "பசுவப் பாக்காத! பாக்காதங்கறேன்! அய்யோ, இப்ப பசுகிட்டயே போற பாரு!" கம்பி வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். பசு நகரவில்லை, அதற்குப் பழக்கம் போலிருக்கிறது.

எதிரே வருகிற வண்டிக்காரர்கள் இடது கையைக் கீழே நீட்டி வணக்கம் வைக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்! சந்தோஷத்தில் நானும் கிளட்ச் கையை விட்டேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "கைய எடுக்காத! வணக்கம் வைக்கறதுக்கு மொதல்ல லைசென்ஸ் வாங்கு!" என்று காதில் கத்தினான்.

ஆள் நடக்கிற வேகத்தில் நேர்கோட்டில் போகிற பாடம்தான் எனக்கு எமன். வேகமாகப் போவது சுலபம், மெதுவாகப் போனால் வண்டி சாய்கிறது. அன்றைக்கு நான்கு தடவை சாய்ந்தேன். அப்போது அவன் மெல்லச் சொன்னான், "பாக்கற எடத்துக்குத்தான் வண்டி போகும், ஹில்கே. தூரமாப் பாரு. இது ஐலெர்ட் சொல்ற வார்த்த, நான் கடன் வாங்கிக்கிட்டேன்." பேசி முடித்தும், அழுத்தியிருந்த மைக் பொத்தானை விட மறந்துவிட்டான். மூக்கை உறிஞ்சுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் அழுதேன். அழுதுகொண்டே கோடு தாண்டாமல் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஒலிபெருக்கியில் கேட்க வேண்டியது உன் குரல். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பரீட்சை ஜூலை நடுவில். தயாராக இரு.

அக்கா
ஹில்கே


ஹார்ட்ஸ்
10 ஜூன் 2000

அன்புள்ள அக்கா,

நான் நன்றாகவே இருக்கிறேன். டாக்டர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள், அது அவர்கள் வழக்கம். காலையில் தோட்டத்து வாசல் வரை நடப்பேன், இப்போது வெயில் அதிகம் என்பதால் நடக்கவில்லை. பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஹப்போ மூக்கை உறிஞ்சினால் கண்டுகொள்ளாதே. மெதுவாகப் போகும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு எஞ்சினைக் கொஞ்சம் உறும விடு, வண்டி நிமிர்ந்து நிற்கும். கண்ணைத் தூக்கு.

பின்னால் ஆளை ஏற்றப் போகிறாய் அல்லவா, அதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஸ்பிரிங் இருக்கிறது. அதன் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் இருக்கும். ஒருவர் போனால் கீழ்ப்படியில் இருக்கட்டும். இருவர் என்றால் கொக்கி ஸ்பேனரால் மேல்படிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பின்னால் இருப்பவர் எடைக்கு வண்டி குந்திவிடும், முன்சக்கரம் தரையை விட்டு விலகப் பார்க்கும், வளைவில் சொன்னபடி கேட்காது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நான் எப்போதும் தனியாகவே போனதால் அந்த வளையத்தை ஏற்றிப் பழக்கமில்லை. துரு பிடித்திருக்கும், தட்டித் திருப்பு.

பின்னால் உட்காருவது எனக்குப் புதிது. உன் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா, இல்லை இடுப்பையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை என்ன இருக்கிறது?

தம்பி
ஐலெர்ட்


நோர்ட்டைக்
3 ஆகஸ்ட் 2000

தம்பிக்கு,

நலம்தானே? உன் இரண்டு தபால் அட்டைகளும் வந்தன. பதில் போடாததற்குக் கோபிக்காதே. கோடையில் தீவுக்குக் கூட்டம், தலை நிமிர நேரமில்லை. பரீட்சைத் தேதியை ஹப்போ தள்ளி வைத்திருக்கிறான், அவனுக்கும் வேலை அதிகம். கப்பலில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆட்டத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


ஹார்ட்ஸ்
8 ஆகஸ்ட் 2000

அக்கா,

நான் சுகம். நீ சுகமில்லை.

கப்பல் ஆடினால் எழுத்து மேலும் கீழும் போகும். உன் எழுத்து ஆடவில்லை, ஒரே சீராக இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. எழுதிய கை மையைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. இருபத்துச் சொச்சம் வருஷம் முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்தே யார் பயப்படுகிறார்கள், யார் பொய்த் தைரியத்தில் போகிறார்கள் என்று கண்டுபிடித்தவன் நான். இடது கையால் எழுதியிருக்கிறாய். வலது கைக்கு என்ன ஆயிற்று?

வண்டிக்கு என்ன ஆனாலும் கவலையில்லை. உனக்கு என்ன ஆயிற்று என்று எழுது. இங்கே படுத்துக்கொண்டு நானாகக் கற்பனை செய்தால் இன்னும் மோசமாகத்தான் வருகிறது.

ஐலெர்ட்


நோர்ட்டைக்
14 ஆகஸ்ட் 2000

தம்பி ஐலெர்ட்டுக்கு,

பயப்படாதே. மணிக்கட்டு எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். மாவுக்கட்டு போட்டிருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் இனி நீ நம்பமாட்டாய் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஜூலை முதல் ஞாயிறு. மீன் ஏலக்கூடத்து முற்றம் பூட்டிக் கிடந்தது. சாவியை வாட்ச்மேனிடம் வாங்கி, உன் வண்டியில் வட்டமடித்துப் பழகலாம் என்று தள்ளிக்கொண்டு போனேன். ஹப்போவுக்குத் தெரியாது. முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்றது. நீதான் எழுதியிருந்தாயே என்று, செயினுக்குத் தெளிக்கிற எண்ணெயை எடுத்து அந்தப் பளபள வட்டத் தகட்டில் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத் தெளித்தேன். கதவுக் கீலுக்குப் போடுகிற மாதிரி. சொட்டாமல் துணியால் துடைக்கக்கூடச் செய்தேன். சத்தம் நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு வட்டம் போனேன். மீன் பெட்டி அடுக்குக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். பிடி கைக்கு வந்தது, வண்டி நிற்கவில்லை. பெட்டி அடுக்கோடு போய் விழுந்தேன். வேகம் இல்லாததால் பிழைத்தேன். வண்டிக்கு இன்டிகேட்டர் ஒன்று உடைந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகுதான் ஹப்போ வந்தான். என்னோடு முற்றத்துக்குத் திரும்பி, வண்டியின் தகட்டைத் தொட்டுப் பார்த்து விரலை மோந்தான். "இதுல எண்ணெய் யாரு போட்டா?" என்றான். நான் உடைந்த இன்டிகேட்டர் துண்டுகளை இடது கையால் பொறுக்கினேன்.

கட்டைப் பிரிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதற்குப் பிறகு கை பழக வேண்டும். அதனால்தான் பரீட்சை தள்ளிப்போனது. அவசரத்தில் நாள் எல்லாம் பாழாகிவிட்டது, தம்பி. எனக்கு என் கையைப் பற்றிக் கவலையில்லை. அக்டோபரை நினைத்துத்தான் தினமும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? உண்மையைச் சொல். நான் சொல்லிவிட்டேன்.

அக்கா
ஹில்கே


ஹார்ட்ஸ்
1 செப்டம்பர் 2000

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதம். எழுத உட்கார்ந்தால் களைப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இப்போது தனி அறை கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஜன்னல். முற்றமும் சாலையும் மூன்றாவது வளைவு வரை தெரிகிறது. உன் மணிக்கட்டு சேர்ந்துவிட்டதா?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. பிரேக் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது என்பதை முதல் நாள் முதல் பாடத்தில் சொல்லாமல் ஒரு மாணவரையும் நான் வண்டியில் ஏற்றியதில்லை. அதை உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது எழுதுகிற வாக்கியம் இல்லை, வாயிலேயே இருந்த வாக்கியம். வாய் போனபோது அதுவும் போய்விட்டது. இரவெல்லாம் அதை நினைத்து வெந்துகொண்டிருக்கிறேன்.

பழைய பிரேக் கட்டைகளைத் தூக்கி எறி. எண்ணெய் குடித்த கட்டை தேறாது. தகட்டை பிரேக் கிளீனரால் துடை, துணி அழுக்காகாமல் வரும் வரைக்கும் துடை. புதுக் கட்டை பழகும் வரை மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டு. இனி கிறீச்சிட்டால் கிறீச்சிடட்டும், ஹப்போவிடம் கேள்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். சூப் நன்றாக இருக்கிறது.

கை முழுவதும் தேறாமல் பரீட்சைக்குப் போகாதே. அவசரப்படாதே, அக்கா. ரொம்பத் தாமதிக்கவும் வேண்டாம்.

தம்பி
ஐலெர்ட்


நோர்ட்டைக்
6 அக்டோபர் 2000

என் செல்லத் தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், வேறு மாதிரி நினைக்கமாட்டேன். வலது கையால் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன்!

பரீட்சை அதிகாரி காரில் பின்னால், பக்கத்தில் ஹப்போ. நடை வேகத்தில் நேர்கோடு, கம்பங்களுக்கு நடுவே பாம்பு வளைவு, திடீர் பிரேக் எல்லாம் ஆயிற்று. புதுக் கட்டை சொன்னபடி பிடித்தது. கடைசியில் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, "செயின் எவ்வளவு ஆடணும்?" என்று கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன். "பிரேக் சத்தம் போட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார். "எண்ணெய் மட்டும் போடமாட்டேன்" என்றேன். ஹப்போ பக்கத்து வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

அடுத்த நாள் உன் வண்டியில் தனியாக இங்கே கடலோர அணைக்கரைச் சாலையில் போனேன். காதில் யாரும் பேசவில்லை. இத்தனை மாதம் எப்போது வாயை மூடுவான் என்று நினைத்தேன், மூடியதும் ஹெல்மெட் காலியாக இருந்தது. எதிரே ஒரு கிழவர் வந்தார். இடது கையைக் கீழே நீட்டினேன். அவரும் நீட்டினார். வீட்டுக்கு வந்து பூனையிடம் சொன்னேன், அது கேட்டுக்கொண்டது.

இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். பின் ஸ்பிரிங்கை இருவருக்கு ஏற்றியாகிவிட்டது. நீ சொன்னபடி துருதான், ஒரு மத்தியானம் முழுவதும் தட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே படி. உன் தோல் கோட்டை வெயிலில் போட்டு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். உன் ஹெல்மெட்டையும் துடைத்தாயிற்று. அணைக்கட்டு வரைதான், மெதுவாக. தோளையே பிடித்துக்கொள்.

அக்கா
ஹில்கே


ஹார்ட்ஸ்
11 அக்டோபர் 2000

அக்கா,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள். பென்சிலில் எழுதுகிறேன், பேனா கனக்கிறது.

'எங்க அக்கா பாஸ்' என்று சிலேட்டில் பெரிதாக எழுதி, சாப்பாடு கொண்டுவருபவர் முதல் டாக்டர் வரை எல்லோருக்கும் காட்டினேன். ரோஸ்வித்தா அழிக்க விடவில்லை. இப்போது என்ன வேண்டும் என்றாலும் அந்த எழுத்துக்கு ஓரத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்பிரிங்கை ஒருவர் எடைக்கே இறக்கி வைத்துக்கொண்டு வா. இருவருக்கு ஏற்றி வைத்துத் தனியாக ஓட்டினால் பின்சக்கரம் மேட்டுக்கு மேடு துள்ளும். மலையில் இப்போது ஈர இலை உதிர்ந்து கிடக்கிறது, வழுக்கும். கோட்டைக் கொண்டுவர வேண்டாம், வீண் பாரம்.

தம்பி


நோர்ட்டைக்
16 அக்டோபர் 2000

தம்பிக்கு,

இறக்கமாட்டேன். இருவருக்குத்தான் ஏற்றியிருக்கிறேன், இருவருக்குத்தான் இருக்கும். துள்ளினால் துள்ளட்டும். கோட்டும் வருகிறது.

அதுவரை நன்றாக இரு. கேட்கிறதா? நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா
ஹில்கே


ஹார்ட்ஸ்
22 அக்டோபர் 2000

என் அக்காவுக்கு,

நீ பத்திரமாக வீடு சேர்ந்தாய் என்று ஹப்போ போன் செய்து சொன்னான். முதுகு வலிக்கிறதா? இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், ரோஸ்வித்தா காகிதத்துக்கு அடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று வண்டியைப் பார்க்கும் முன்பே கேட்டுவிட்டேன். மூன்றாவது வளைவுக்கு முன்னால் நீ கியரைக் குறைத்தாய், சரியான நேரத்தில். அது என் வண்டி என்று ரோஸ்வித்தாவிடம் கையைக் காட்டினேன். உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

நீ ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அறை வாசலில் நின்றாய். கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்தாய். உடனே கையில் இருந்த என் கோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாய். எழுந்து நிற்க முடியுமா என்றுகூட நீ கேட்கவில்லை. நான் இத்தனை மாதம் எழுதாமல் விட்டதை எல்லாம் அந்த ஒரு பார்வையில் படித்துவிட்டாய். ஜூன் மாதமே எனக்குத் தெரியும், அக்கா. எழுதியிருந்தால் நீ அவசரப்படுவாய், அவசரப்பட்டால் விழுவாய். அதோடு நீ வருவதாகச் சொன்னதை நம்பிக்கொண்டிருக்க எனக்கும் ஆசையாக இருந்தது.

இழுப்பறையைத் திறக்கச் சொல்லி அந்தக் கருவியைக் கழுத்தில் வைத்து 'அக்கா' என்றேன். தகர டப்பாதான். நீ, "இன்னொரு தடவ சொல்லுடா" என்றாய். சொன்னேன். கருவி வைத்த இடம் வலித்தது. நீ கேட்டதற்காக மூன்றாவது தடவையும் சொன்னேன்.

நீ கீழே இறங்கிப் போன பிறகு ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பினார்கள். கிளம்புவாய் என்று பார்த்தேன். நீ கிளம்பவில்லை. சீட்டைத் தூக்கிக் கொக்கி ஸ்பேனரை எடுத்தாய். ஈர முற்றத்தில் மண்டி போட்டாய். இடது பக்க ஸ்பிரிங்கைப் படி படியாக இறக்கினாய். எழுந்து மறுபக்கம் வந்தாய். அந்தப் பக்கம் உடனே ஆரம்பிக்கவில்லை, சீட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். ரோஸ்வித்தா, "ஏன், வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். சிலேட்டின் ஓரத்தில் எழுதினேன்: 'இல்ல. ஒருத்தர் எடைக்கு மாத்துறா.' அவள் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வருகிற வழியெல்லாம் துள்ளத் துள்ள இருவருக்கே ஓட்டிக்கொண்டு வந்தவள் நீ. அதை இறக்க உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறக்கினாய். இரண்டு பக்கமும் ஒரே படி. நான் பார்த்தேன்.

வளைவில் நீ திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் கீழே நீட்டினாய். அதுதான் சரி. நானும் கட்டில் ஓரத்தில் இடது கையைக் கீழே நீட்டினேன்.

அக்டோபர் முடிந்ததும் டாங்கில் பெட்ரோலை நிறைய ஊற்றி வை, காலியாக விட்டால் உள்ளே துரு பிடிக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போ. பெட்ரோல் குழாயை மூடு. எனக்காகக் கொண்டுவந்த என் ஹெல்மெட்டைத் தலைமாட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், இருக்கட்டும்.

ஏப்ரலில் வண்டியை எடுக்கும்போது முதலில் பெட்ரோல் குழாயைத் திற. நீ மறந்துவிடுவாய், அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

உன் தம்பி
ஐலெர்ட்